தினமும் திறக்கும் தளத்தைத் தனிச் செயலியாக்குவது எப்படி?

உலாவியில் எப்போதும் நாற்பது தாவல்களை (டேப்) திறந்து வைத்திருக்கும் ஆள் நான். மின்னஞ்சல் எந்தத் தாவலில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எதற்குத் தேடினேன் என்பது மறந்துவிடும். ஒருநாள் காணொளிக் கூட்டத்தின் நடுவே வேறொரு தாவலை மூட கன்ட்ரோல்+டபிள்யூ அழுத்தினேன், மூடியது கூட்டம். அன்று மாலையே, அடிக்கடி பயன்படுத்தும் நான்கு தளங்களைத் தனி ஜன்னல்களாகப் பிரித்துவிட்டேன்.

குரோமில் தளத்தைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளி, அதில் ‘காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்’, அதற்குள் ‘இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்’. பெயர் கேட்கும், சுருக்கமாக வையுங்கள். அவ்வளவுதான். பக்கத்திலேயே ‘கிரியேட் ஷார்ட்கட்’ என்று ஒன்று இருக்கும். முன்பெல்லாம் அதை அழுத்தி ‘ஓப்பன் ஆஸ் விண்டோ’ கட்டத்தில் டிக் போடுவோம். புதிய பதிப்புகளில் அந்தக் கட்டம் இல்லை. வழக்கமான தாவலாகத்தான் திறக்கும். எட்ஜில் இதே வேலையை மெனுவில் ‘ஆப்ஸ்’ என்ற பகுதி செய்கிறது.

இனி, என்னை ஒரு மணி நேரம் சுற்றவைத்த இடம். குரோமில் எனக்கு அலுவலகத்துக்கு ஒரு ப்ரொஃபைல் (தனித்தனி கணக்குகளோடு இயங்கும் பயனர் அமைப்பு), வீட்டுக்கு ஒன்று. சொந்த மின்னஞ்சலைச் செயலியாக்கினேன். ஐகானை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அலுவலக அஞ்சல் பெட்டிதான் வந்து நிற்கிறது. வெளியேறி, மறுபடி நுழைந்து, நீக்கி, மறுபடி நிறுவிப் பார்த்தேன். அதே கதை. கடைசியில்தான் உறைத்தது: எந்த ப்ரொஃபைலில் இருந்து நிறுவுகிறோமோ, அதன் குக்கிகளோடுதான் (நாம் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறோம் என்பதை நினைவில் வைக்கும் சிறு தரவுகள்) செயலி ஓடும். நான் ஒவ்வொரு முறையும் அலுவலக ஜன்னலில் இருந்தே நிறுவிக்கொண்டிருந்தேன். அதனால் நிறுவுமுன், எந்த ப்ரொஃபைலில் இருக்கிறீர்கள் என்று மூன்று புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டப் படத்தை ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், விண்டோஸில் செயலி திறந்திருக்கும்போது டாஸ்க்பாரில் அதன் ஐகானை வலது கிளிக் செய்து ‘பின் டு டாஸ்க்பார்’ கொடுங்கள். விண்டோஸ் விசையோடு 1 அழுத்தினால் டாஸ்க்பார் வரிசையில் முதலாவதாகப் பின் செய்திருப்பது திறக்கும், 2 என்றால் அடுத்தது. எனக்கு 1 மின்னஞ்சல், 2 நாட்காட்டி. இந்தச் சுகம் ஒன்றுக்காகவே இதைச் செய்யலாம். இதற்கென்று தனி மென்பொருள்களும் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை ஒவ்வொன்றும் ஒரு முழு உலாவியைச் சுமந்துகொண்டு வருபவை. எனக்கு வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: 2023-இல் வந்த சொனோமா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் சஃபாரியின் ‘ஃபைல்’ மெனுவில் ‘ஆட் டு டாக்’ இருக்கிறது. அதில் குக்கிகள் சஃபாரியிலிருந்து பிரிந்தே இருக்கும் என்பதால் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வசதி.

பின்சேர்க்கை: ஃபயர்பாக்ஸில் முடியாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2025-இல் வந்த 143-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் முடியும்.

இன்னொருவர், செயலியை நீக்கியதும் குரோமிலும் அந்தத் தளத்திலிருந்து வெளியேறிவிட்டதாகச் சொன்னார். நீக்கும்போது தரவையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் போட்டிருப்பார். ஒரே ப்ரொஃபைல் என்பதால் இரண்டு பக்கமும் போய்விடும். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு நீக்குங்கள்.