மாருதி ஜிப்ஸிக்கு கியர் ஆயில் மாற்றுவது எப்படி? ப்ரீதரில் தொடங்குங்கள்

ஜிப்ஸிக்கு அடியில் ஆயில் கசிந்தால் கடையில் முதலில் காதில் விழுவது "சீல் போயிடுச்சு". சீலை மாற்றுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அதே இடம் மறுபடி நனைந்து நிற்கும். பல வண்டிகளில் கோளாறு சீலில் இல்லை, ஆக்சில் ஹவுசிங்கின் மேல் மண் அடைத்துக் கிடக்கும் ப்ரீதரில், அதாவது உள்ளே சூடாகும் காற்றை வெளியே விடும் வழியில் இருக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் ஆயிலுக்கு முன்னால் ப்ரீதர் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1985 டிசம்பரில் வந்த 970 சிசி எம்ஜி410, 1996-இல் வந்த 1298 சிசி கிங் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்ற அளவில் எழுதுகிறேன்.

எங்கெல்லாம் ஆயில்?

நான்கு இடம்: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பற்சக்கரங்கள்). பல ஃபோர் வீல் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸின் வாலிலேயே போல்ட் போட்டு ஒட்டியிருக்கும். ஜிப்ஸியில் அப்படி இல்லை. அது தனியாக ரப்பர் மவுண்டில் தொங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டை புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சக்தியைக் கடத்தும் சுழல் தண்டு) ஓடுகிறது. புதிதாக அடியில் படுப்பவர்கள் கியர் பாக்ஸில் ஊற்றிவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்து முடித்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

"நான் ஃபோர் வீல் போடுறதே இல்ல, டிரான்ஸ்ஃபர் ஆயில் எதுக்கு?" என்பவர்களுக்கு ஒரு விவரம். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை ரேஞ்சும் நேர் ஓட்டம் கிடையாது. கிங்கில் பல் சக்கர விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268. 2எச்-இல் (பின் சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகும் நிலை) தார் ரோட்டில் போகும்போதும் இன்ஜின் சக்தி முழுக்க அதன் பல் சக்கரங்கள் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. அவ்வளவு வேலைக்கும் உள்ளே இருப்பது 0.8 லிட்டர் ஆயில். கால் லிட்டர் கசிந்தாலே மூன்றில் ஒரு பங்கு போன கணக்கு.

என்ன வாங்குவது

5 கியர் வண்டிக்குச் சுமாராக: கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் 0.8, முன் டிஃபரன்ஷியல் 2.0, பின் டிஃபரன்ஷியல் 1.5. பழைய 4 கியர் பெட்டியில் அளவு மாறும். எதுவானாலும் ஃபில்லர் ஓட்டையின், அதாவது ஆயில் ஊற்றும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும் என்பதே கடைசி அளவு.

முதல் எண் ஆயிலின் கெட்டி, ஜிஎல் எண் அதன் வகை. டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5, 4 லிட்டர். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 ஜிஎல்-4, இரண்டரை லிட்டர். "எல்லாத்துக்கும் ஒரே ஆயில் ஊத்துங்க சார், பெரிய நம்பர் நல்லதுதான்" என்று கடைக்காரர் ஜிஎல்-5 கேனைத் தள்ளினால் வாங்காதீர்கள். டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சறுக்குவதால் கந்தகம் கலந்த கூடுதல் மருந்து தேவை. அந்த மருந்தில் சில வகை, கியர் பாக்ஸில் கியர் சத்தமின்றி விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை நாளாக ஆக அரித்துவிடும். செகண்ட் கியர் கரகரக்கத் தொடங்கும்போதுதான் அது தெரியவரும்.

சாமான்கள்: அறுகோண சாக்கெட், நீளக் கைப்பிடி, ஒயர் பிரஷ், 6 லிட்டர் கொள்ளும் அகலத் தட்டு, மண்ணெண்ணெய், சைக்கிள் பம்ப், புனல், ஒன்றரை மீட்டர் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப். பன்னிரண்டு பக்க ரிங் ஸ்பேனரும் பைப் ரெஞ்சும் இந்த வேலைக்கு வேண்டாம். பழைய ப்ளக்கின் முனையை உருட்டிவிடும்.

ஆயில் அடிக்கும் கைப்பம்ப் ஒன்று விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 90 ஆயிலின் கெட்டிக்கு அது பாதி நேரம் காற்றைத்தான் அடிக்கும். டியூபின் ஒரு முனையை ஃபில்லர் ஓட்டையில் விட்டு, மறு முனையில் புனல் செருகி வீல் ஆர்ச் உயரத்தில் கட்டிவிட்டு ஊற்றுங்கள். கேனை முன்னதாக ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் தானாக இறங்கும். ஊட்டிக் குளிரில் வெயிலை நம்பாமல் வெந்நீர் வாளியில் வையுங்கள்.

வண்டியை நிறுத்துவது

ஜாக்கி வேண்டாம். ஜிப்ஸிக்குக் கீழே படுக்க இடம் போதும். ஒரு பக்கம் தூக்கினால் ஃபில்லர் ஓட்டை அளவு பொய்யாகிவிடும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முதல் கியரும் போடுங்கள். ஆனால் டிரான்ஸ்ஃபர் லீவர் 'என்'-இல் (நியூட்ரல்) நின்றால் கியர் போட்டும் பயனில்லை, வண்டி உருளும். லீவர் 2எச்-இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அடியில் போங்கள்.

ப்ரீதர்

ஓடும்போது ஹவுசிங்குக்குள் 25 டிகிரியில் இருந்த காற்று 85 டிகிரிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு விரியும். அந்தக் காற்று வெளியேறத்தான் ஆக்சில் மேலே ப்ரீதர் இருக்கிறது. சில வண்டிகளில் தொப்பி போட்ட சின்ன வால்வு, சிலவற்றில் அதிலிருந்து ஒரு ஹோஸ். அது அடைத்தால் அழுத்தம் சீல் உதட்டைத் தாண்டி ஆயிலைத் தள்ளும். பின் ஆக்சிலில் தள்ளினால் அது நேராக பிரேக் ட்ரம்முக்குள் போகும். சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கினால் இதுவே தலைகீழாக நடக்கும். உள்ளே காற்று சுருங்கும், ப்ரீதர் வழியாக வர முடியாததால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. ஓட்டி வந்த சூட்டோடு ஃபில்லர் ப்ளக்கைத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் ப்ரீதர் அடைத்திருக்கிறது. தொப்பி வகையாக இருந்தால் சுற்றிலும் உள்ள மண்ணை ஒயர் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு விரலால் திருகிப் பாருங்கள். தொப்பி லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் கழற்றி ஒரு இரவு மண்ணெண்ணெயில் போடுங்கள். அதற்குள் ஓட்டையைத் துணியால் மூடுங்கள், மண் உள்ளே விழுந்தால் நேரே பற்சக்கரத்துக்குத்தான் போகும். ஹோஸ் வகையாக இருந்தால் மேல் முனையில் சைக்கிள் பம்பை வைத்து அடியுங்கள். ஃபில்லர் ஓட்டையில் விரல் வைத்தால் காற்று படவேண்டும். படவில்லையா? நடுவில் குளவி கூடு கட்டியிருக்கும், அல்லது ஹோஸ் மடங்கியிருக்கும்.

ஓடை கடக்கும் வண்டியாக இருந்தால் தொப்பியைத் தூக்கிவிட்டு பெட்ரோல் ஹோஸ் மாட்டி, முன் ஆக்சிலுடையதை இன்ஜின் ரூம் மேல்பகுதிக்கும் பின்னதை பாடிக்குள்ளும் ஏற்றிவிடுங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும், அதற்குத் தகுந்த தொய்வு விடவேண்டும். இறுக்கமாகக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும்.

முதலில் ஃபில்லர், பிறகுதான் ட்ரெயின்

அடியில் ஆயிலை இறக்கும் ட்ரெயின் ப்ளக்கைத் தொடும் முன் நான்கு ஃபில்லர் ப்ளக்கும் கழன்று வருகிறதா என்று பாருங்கள். ஆயிலை இறக்கிய பிறகு ஃபில்லர் கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இறுகிய ப்ளக்குக்கு: சுற்றி உள்ள மண்ணைச் சுரண்டுங்கள். துருவை இளக்கும் எண்ணெய் தெளித்து அரை மணி நேரம் விடுங்கள். சாக்கெட்டை மாட்டி அதன் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பிறகு முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்து, அதன் பின் தளர்த்துங்கள். இறுக்கும் அசைவில் மரையில் உள்ள துரு உடையும். கைப்பிடியில் குதிக்காதீர்கள், இழுவை ஒரே சீராக இருக்கட்டும். ப்ளக் சதுரக் குழி வகை என்றால் குழிக்குள் கல்லாகிக் கிடக்கும் மண்ணை ஆணியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் சாவியை இறக்க வேண்டும். முக்கால் ஆழத்தில் நின்றால் குழி வழுக்கிவிடும்.

எதற்கும் மசியவில்லை, ஆயிலையும் ஏற்கெனவே இறக்கிவிட்டீர்கள் என்றால் வழி இருக்கிறது. டிஃபரன்ஷியலுக்கு ப்ரீதரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஊற்றலாம். டிரான்ஸ்ஃபர் கேஸில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இறங்கும் இடத்தைக் கழற்றி அதில் ஊற்றலாம். இரண்டிலும் விளிம்பு அளவு கிடைக்காது, அளவுக் குடுவையால் அளந்தே ஊற்றவேண்டும். இது அவசரத்துக்கு மட்டும், ப்ளக்கை அடுத்த வாரமே பட்டறையில் எடுத்துவிடுங்கள்.

இறக்கியதைப் பாருங்கள்

ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்குங்கள். நான்கையும் ஒரே தட்டில் கலந்தால் எதில் கோளாறு என்று சொல்ல முடியாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீனில் சுற்றித் தட்டில் போடுங்கள். அதில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் சில்லு கிடைத்தால் பல் உடைகிறது, பெட்டியைத் திறக்கவேண்டும். கியர் பாக்ஸ் ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொன் துகள் மின்னுகிறதா? அது காந்தத்தில் ஒட்டாது. சிங்க்ரோ கரைகிறது.

பால் காபி நிறம் என்றால் தண்ணீர். இப்படியானால் மலிவான அதே வகை ஆயிலை நிரப்பி, ஐந்தாறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூட்டோடு இறக்கிவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள். டீசல் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

ஊற்றுவது

ட்ரெயின் ப்ளக் மரையைத் துடைத்து, சீலன்ட் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். முதல் மூன்று நான்கு மரை கையாலேயே ஏறவேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் உடல் அலுமினியம், அங்கே பலம் காட்டினால் மரை பிய்ந்துவிடும்.

ஃபில்லர் ஓட்டையிலிருந்து ஆயில் வழியத் தொடங்கியதும் உடனே மூடாதீர்கள். கெட்டியான ஆயில் ஆக்சில் குழாய்களுக்குள் பரவ நேரமெடுக்கும். பத்து நிமிடம் விட்டால் மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். சுண்டுவிரலை உள்ளே விட்டு மடக்கினால் நுனி நனைய வேண்டும். முன் ஆக்சிலில்தான் இந்த இரண்டாம் சுற்று அதிகம் பிடிக்கும்.

படுத்தது படுத்தாயிற்று, மூன்று புரொப்பெல்லர் ஷாஃப்டுகளுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள். ஷாஃப்ட் முனைகளில் உள்ள கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) ஆறு. நிப்பிள் உள்ளவற்றில் புது கிரீஸ் நான்கு முனையிலும் எட்டிப் பார்க்கும் வரை அடிக்கலாம். நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன் நிப்பிளில் இரண்டு மூன்று அழுத்து போதும். திணித்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் பேரிங்கை இடிக்கும்.

கசிந்த இடங்களை மண்ணெண்ணெயால் துடைத்து, காய்ந்த பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கசிவு இந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகும் சொட்டினால்தான் சீல். பின் சக்கர சீலை வீட்டில் மாற்றலாம், ஆனால் ஆயில் குடித்த பிரேக் ஷூவை பெட்ரோலில் கழுவி மாட்டாதீர்கள், புதிது போடுங்கள். பினியன் சீல் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலில் சேரும் இடத்துச் சீல்) வேறு கதை. அதன் நட்டு, உள்ளே நசுங்கும் ஸ்பேசரை வைத்துப் பேரிங் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கண்மூடித்தனமாக இறுக்கினால் டிஃபரன்ஷியல் ஊளையிடும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சுமார் ஐந்தரை லிட்டர் கழிவு ஆயில் சேரும். கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

மலைப்பாதையில் சமதளமே இல்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாழ்ந்த பக்கச் சக்கரங்களைத் தட்டையான கல்லிலோ பலகையிலோ ஏற்றி, சேசிஸில் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ஏற்றும்போது உதவிக்கு ஒருவர் வெளியில் நிற்கட்டும்.

ஆயில் மாற்றிய பிறகு 4எச் (நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் நிலை) போட்டால் லீவர் திரும்ப வர மறுக்கிறது என்ற புகாரும் வந்தது. ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தார் ரோட்டில் ஃபோர் வீலைச் சோதித்திருக்கிறார்கள். ஜிப்ஸியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். முன் டயர் புதிது, பின் டயர் தேய்ந்தது என்று சுற்றளவில் நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே, ஒரு கிலோமீட்டரில் பத்து மீட்டர் கணக்கு இடிக்கும். சேற்றில் அது வழுக்கித் தீர்ந்துவிடும். தாரில் தீராமல் ஷாஃப்டிலும் பல்லிலும் முறுக்காக ஏறி லீவரைக் கவ்விக்கொள்ளும். லீவரை உதைக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து ரிவர்ஸில் பத்து மீட்டர் போய், கிளட்சை மிதித்தபடி இழுங்கள், விடுபடும். அடுத்த சோதனையை மண் ரோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.