காபனீரொட்சைட்டுக் கணக்கில் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்

உயர்தரப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினால் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும்: மரம் காபனீரொட்சைட்டை உடைத்து ஒட்சிசனை வெளியே விடுகிறதாம். இல்லை, அந்த ஒட்சிசன் தண்ணீருடையது. 1941 இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் பாரமான ஒட்சிசன்-18 கலந்த தண்ணீரைக் குளோரெல்லாப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த வாயுவிலும் அதுவே இருந்தது. காபனீரொட்சைட்டை ருபிஸ்கோ என்ற நொதியம் ஐந்து காபன் வெல்லமொன்றோடு ஒட்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஒளித்தொகுப்பின் இந்தப் பகுதிக்கு யாரோ 'இருட்தாக்கம்' என்று பெயர் வைத்துப் பிள்ளைகளைக் குழப்பிவிட்டார்கள், அது இரவில் நடக்கும் வேலை இல்லை.

குருதியிலும் இதே கதைதான். காபனீரொட்சைட்டு முழுவதையும் ஈமோகுளோபின் சுமக்கிறது என்று எழுதாதீர்கள். ஏறத்தாழ 70 வீதம் செங்குழியத்துக்குள் தண்ணீரோடு சேர்ந்து இருகாபனேற்றாகித்தான் நுரையீரலுக்குப் போகிறது. ஈமோகுளோபினில் ஏறும் கொஞ்சமும் அதிலுள்ள இரும்பில் ஒட்டுவதில்லை, புரதப் பகுதியில்தான் ஒட்டும். இரும்பைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொல்வது காபனோரொட்சைட்டு என்ற வேறொரு நச்சு வாயு. இரண்டையும் மாற்றி எழுதினால் புள்ளி போய்விடும்.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம், எங்கள் ஊரே சுண்ணாம்புக் கல்லின் மேல்தானே இருக்கிறது. வெள்ளையடித்த மதில் வெறுமனே தண்ணீர் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கல்லைச் சூளையில் சுட்டபோது வெளியேறிய காபனீரொட்சைட்டை, நீறிய சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக் கல்சியம் காபனேற்றாகிறது, அதாவது மறுபடி கல்லாகிறது. அதற்கும் ஈரம் வேண்டும். அம்மம்மா வெயில் ஏற முன்னம் மதிலுக்கு அடித்து முடிக்கச் சொல்லுவா, பின்னேரம் தண்ணீரும் தெளிப்பிப்பா. நான் ஒருமுறை கொளுத்தும் மத்தியானத்தில் அடித்தேன், அடுத்த கிழமை மதிலில் சாய்ந்தவர்களின் முதுகெல்லாம் வெள்ளைமா.

கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையை உப்புத் தண்ணீரின் உப்பு என்று சொல்வதும் பிழை. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று கொதிக்கும்போது காபனீரொட்சைட்டை விட்டுவிட்டு, கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கறியுப்பென்றால் தண்ணீர் ஊற்றினாலே கரைந்துவிடுமே, இதற்கு வினாகிரி விட்டுப் பாருங்கள்: சுரீரென்று நுரைத்துக்கொண்டு கிளம்புவதும் காபனீரொட்சைட்டுத்தான்.