பள்ளிக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றும் முறை

வேலையைக் கோடை விடுமுறையில் வையுங்கள். பக்கத்து அறையில் வகுப்பு நடக்கையில் தொடவே கூடாது. மெயினை அணைத்து, பெஞ்சுகளை வெளியேற்றி, தரை முழுக்கப் பாலிதீன் விரியுங்கள்.

துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 ரக ஃபில்டர் பொருத்திய அரைமுக மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க்கின் விளிம்பு முகத்தில் படியாது; மழித்தே ஆகவேண்டும்.

பழைய ஷீட் மேல் ஏறி நிற்காதீர்கள். பார்க்கத் திடமாக இருக்கும், கால் வைத்ததும் உடையும். சாரம் கட்டிக் கீழிருந்து கழற்றுவதே நல்லது.

தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, தோட்டத் தெளிப்பானால் மேலும் கீழும் நனையுங்கள். வெறும் தண்ணீர் சரிவில் ஓடிவிடும், ஊறாது. பிரஷர் வாஷர் இழையைப் பிய்த்துப் பறக்கவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்டில்தான். துருப்பிடித்து நட் சுழலாது. உடனே யாராவது சுத்தியலையோ கிரைண்டரையோ எடுப்பார். இரண்டும் ஷீட்டை உடைத்துத் தூசியாக்கும். போல்ட் கட்டரால் தலையை மட்டும் வெட்டுங்கள். முகட்டு ஓடு முதலில், பிறகு வேய்ந்ததற்கு எதிர்வரிசை.

3 மீட்டர் ஷீட் ஏறக்குறைய 40 கிலோ. இருவர் பிடித்து இறக்கவேண்டும், வீசக்கூடாது. ஈரத்தோடே 200 மைக்ரான் பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, "ஆஸ்பெஸ்டாஸ்" என எழுதுங்கள். மாட்டுக்கொட்டகைக்கு என யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு, அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புங்கள்.

துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி மட்டும். அந்தத் துணியும் வேலையில் அணிந்த அங்கியும் அதே பொதிக்குள் போகட்டும். மாஸ்க்கைக் கடைசியில் கழற்றுங்கள்.