மதச்சண்டைய தணிக்கணும்னா பாங்கி கர்தினால்கிட்ட இருந்து கத்துக்கங்க

ரெண்டு மதத்துக்காரங்களுக்கு நடுவுல பதட்டம்னா மேடை போட்டு ஆரம்பிக்காதீங்க, முதல்ல அந்தப் பக்கத்து தலைவர் ஒருத்தரோட நட்பாகுங்க. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல 2013ல கிறிஸ்தவ, முஸ்லிம் மக்களுக்கு நடுவுல கலவரம் மூண்டப்போ தலைநகர் பாங்கியோட கத்தோலிக்கப் பேராயர் தியுதொனே நசாபலைங்கா, இமாம் கோபின் லயாமா, பாஸ்டர் கெரெகோயாமே ரெண்டு பேரோடயும் சேர்ந்து ஒரு அமைப்பு நடத்துனாரு, இமாம் உயிருக்கு ஆபத்துன்னதும் அவரை குடும்பத்தோட தன் வீட்டுலயே மாசக்கணக்குல தங்க வச்சாரு, எவ்ளோ பெரிய தைரியம் பாருங்க!

அப்புறம், எங்க போனாலும் சேர்ந்தே போங்க. மூணு பேரும் ஒண்ணா ஊர் ஊரா போய் இது மதச்சண்டையே இல்லன்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க, ஒண்ணா நிக்கிறத ஜனங்க கண்ணால பாத்தாதான் நம்புவாங்க.

முக்கியமா, தப்பு செஞ்சது நம்ம ஆளுங்கன்னாலும் மூடி மறைக்காதீங்க, முஸ்லிம்களைத் தாக்குன, கிறிஸ்தவங்க அதிகமா இருந்த ஆன்டி-பாலாகா ஆயுதக் கும்பலை நசாபலைங்கா வெளிப்படையா கண்டிச்சாரு. 2015ல மூணு பேருக்கும் சமாதானப் பணிக்கான செர்ஜியோ வியெரா டி மெல்லோ விருது கிடைச்சுது, 2016ல 49 வயசுல நசாபலைங்கா, போப்புக்கு அடுத்த நிலையான கர்தினால் ஆனாரு.

கலவரம் ஓஞ்சதும் தொடர்பை விட்டுடாதீங்க, 2020ல இமாம் இறக்குற வரைக்கும் அவங்க நட்பு அப்படியே இருந்துச்சு.