காய்ந்த தோல் எல்லாம் நல்ல தோல் அல்ல: பச்சைத்தோலை உலர்த்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்கிலிருந்து புதிதாக உரித்த தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். பதனிட்ட பின் தோலாக நம் கைக்கு வருவதும் அதுவே. உரித்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் பெருகி இந்தப் புரதத்தைச் சிதைக்கத் தொடங்குகின்றன. ஈரப்பதத்தை 10 முதல் 15 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டால் அவற்றின் வேலை நின்றுவிடும். உலர்த்துதலின் நோக்கம் இவ்வளவே. ஆனால் அந்த ஈரம் எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில், தோலின் எந்தெந்தப் பக்கத்திலிருந்து வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே தோலின் தரம் அமைகிறது. இதில் நேரும் பிழைகள் பெரும்பாலும் அப்போதே தெரிவதில்லை. தோல் ஆலையில் ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் போட்ட பிறகுதான் கொப்புளமாகவும் ஓட்டையாகவும் வெளிப்படுகின்றன.

இவற்றுள் மிகப் பரவலானதும் மிகுந்த சேதம் விளைவிப்பதும், சீக்கிரம் காயட்டும் என்று கொளுத்தும் வெயிலில் தோலைப் போடுவதுதான். ஈரமான கொலாஜன் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கி, ஜெலட்டினாக, அதாவது பசையாக மாறத் தொடங்கும். ஏற்கெனவே அழுகத் தொடங்கிவிட்ட தோல் அதற்கும் குறைந்த வெப்பத்தையே தாங்காது. நன்றாக உலர்ந்த தோலோ இதைவிட மிக அதிகமான வெப்பத்தையும் தாங்கும். ஆகவே வெயிலின் ஆபத்து தோல் ஈரமாக இருக்கும்போதுதான். தொடக்கத்தில் ஈரம் ஆவியாகிக்கொண்டிருப்பதால் தோல் ஓரளவு குளிர்ச்சியாகவே இருக்கும். மேற்பரப்பு காய்ந்து இறுகி, உள்ளே இன்னும் ஈரம் தங்கியிருக்கும் கட்டத்தில் அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது. வெப்பம் நேராக உள்ளே இறங்கி, நடு அடுக்கை வேகவைத்துவிடுகிறது. அப்படி வேகாமல் தப்பினாலும், இறுகிய மேற்பரப்பு மூடி போலாகி உள்ளீரத்தை வெளியேற விடாததால், நடு அடுக்கு அழுகலாம். இரு நிலையிலும் மேலே பார்ப்பவருக்குத் தோல் விறைப்பாக, மிக நன்றாகக் காய்ந்ததாகவே தோன்றும். விறைப்பைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் எளிதில் போகவில்லை என்பது என் எண்ணம். வெந்த இடங்கள் கொம்பு போலக் கடினமாக, கண்ணாடித்தன்மையுடன் இருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். ஊறவைக்கும்போது அவை நீரை ஏற்காமல் நிற்கும், அல்லது கரைந்து போகும்.

தரையில் விரித்துக் காயவைப்பது இதன் மோசமான வடிவம். மேற்பக்கம் வெயிலில் வேகும்போது, காற்றுப்படாத அடிப்பக்கம் அழுகிக்கொண்டிருக்கும். சூடேறிய கல்லோ மணலோ தொடும் இடமெல்லாம் தனித்தனிப் புள்ளியாகக் கெடும். மண்ணும் சாணமும் ஒட்டுவது தனிக்கதை.

உலர்த்தும் முன் செய்யவேண்டிய வேலையை அரைகுறையாக விடுவதும் உலர்த்தலைக் கெடுக்கும். சதைப்புறத்தில் விட்டுவைத்த சதையும் கொழுப்பும் உள்ள இடம் மட்டும் மெதுவாகக் காய்கிறது. அங்கேதான் அழுகல் தொடங்கும். வெயிலில் கொழுப்பு உருகித் தோலுக்குள் ஊறினால், பின்னர் பதனிடும் கரைசலும் சாயமும் அங்கே சீராக ஏறாது. சதை நீக்கும் அவசரத்தில் கத்தி தோலில் இறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தத்தையும் அழுக்கையும் சுத்தமான நீரில் கழுவி, நீரை வடியவிட்ட பின்பே உலர்த்தத் தொடங்க வேண்டும். குட்டையில் தேங்கிய நீரில் கழுவுவதைவிடக் கழுவாமலிருப்பது மேல்.

நல்ல முறை என்று கருதப்படுவது, மரச்சட்டத்தில் தோலைக் கட்டி, காற்றோட்டமுள்ள கூரை நிழலில் நிறுத்துவது. இருபுறமும் காற்று படுவதால் ஈரம் சீராக வெளியேறுகிறது. இந்த முறையிலும் தவறுக்கு இடமுண்டு. தோல் உலரும்போது தானே சுருங்கும் என்பதை மறந்து, முதலிலேயே முரசுபோல இழுத்துக் கட்டிவிட்டால், சுருங்கும் தோல் கட்டிய துளைகளைக் கிழிக்கும்; கிழியாவிட்டால் வயிற்றுப் பகுதி மெலிந்து காகிதம்போல ஆகிவிடும். பரப்பு கூடுமே என்ற ஆசையில் இழுப்பவர்களும் உண்டு. ஊறவைத்ததும் அந்தக் கூடுதல் பரப்பில் பெரும்பகுதி சுருங்கிப் போகும், மெலிவு மட்டும் மிஞ்சும். துளைகளை விளிம்பையொட்டிச் சிறிதாகப் போட்டு, கழுத்து, வால், கால்கள் என எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுவிசை வரும்படி, மடிப்பும் தொய்வும் மட்டும் நீங்கும் அளவுக்குக் கட்டினால் போதும். கட்டுவதற்கு நார்க்கயிறு நல்லது. துருப்பிடிக்கும் கம்பி தொட்ட இடத்தில் இரும்புக்கறை ஏறும். அந்தத் தோலைத் தாவரப் பட்டைகளால் பதனிட்டால் கறை கருநீலமாகிவிடும்.

சட்டம் கட்ட வசதியில்லாத இடங்களில் கயிற்றிலோ கழியிலோ தொங்கவிடுவார்கள். இது தரையைவிட எவ்வளவோ மேல் என்றாலும், மெல்லிய கயிற்றில் போட்டால் முதுகின் குறுக்கே ஒரு கோடு விழும். தொங்கும் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டினால் உட்புறம் அழுகும். தடித்த, வழவழப்பான கழியில் போட்டு, இரு பக்கங்களையும் குச்சியால் விலக்கி வைப்பது இதற்குத் தீர்வு. பாதி காய்ந்த தோலை மழையில் நனையவிட்டு மீண்டும் காயவைப்பதும் தவறு. இடைப்பட்ட நேரத்தில் பாக்டீரியா மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். மயிரைப் பிடித்து மெல்ல இழுக்கும்போது கொத்தாகக் கழன்று வந்தால், மயிர்க்கால்களைச் சுற்றி அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

காய்ந்த பிறகு வரும் சேதமும் குறைவல்ல. உலர்ந்து விறைத்த தோலை மடித்தால் மயிர்ப்புறத்து மேற்பரப்பு வெடிக்கும். அந்த வெடிப்பைப் பதனிடுதலால் மறைக்க முடியாது. மடித்தே ஆகவேண்டுமெனில் சிறிது நெகிழ்ச்சி இருக்கும்போதே முதுகெலும்பு வரிசையில் ஒரு மடிப்புப் போட வேண்டும். இயன்றவரை தட்டையாகவே அடுக்குவது நலம். கிடங்கில் தோல் வண்டின் புழுக்கள் துளையிட்டுத் தின்னும் என்பதால், அடுக்குகளைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வைத்து, அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். உலர்த்துதல் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்று நம்புவதும் கூடாது. ஆந்த்ராக்ஸ் கிருமியின் விதையுருக்கள் காய்ந்த தோலில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே நோயால் இறந்த விலங்கின் தோலை உரிக்கவே கூடாது, வந்த இடம் தெரியாத காய்ந்த தோலைத் தூசி பறக்க உதறவும் கூடாது.

கடைசியாக, உலர்த்தவே கூடாத சூழலும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில், குறிப்பாக எருமைத்தோல் போன்ற தடித்த தோல்களில், நடு அடுக்கின் ஈரம் வெளியேறுவதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். அப்போது தோலின் எடையில் கால்பங்குக்குக் குறையாத உப்பைச் சதைப்புறம் முழுதும் தேய்த்து, அடுக்கி, வடியும் நீர் ஓட வழிசெய்து வைப்பதே சரியான முறை. உப்புக்கு ஆகும் செலவு கூடுதல்தான். ஆனால் உப்பிட்ட தோல், முற்றிலும் காய்ந்த தோலைவிட மிகக் குறைந்த நேரத்தில் ஊறி மென்மையாகிவிடும் என்பதால் ஆலைகள் அதையே பெரிதும் விரும்புகின்றன.