கினோசாகிக்குக் குளிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்குப் போகிறோம் என்றாலே நம்மவர்கள் முதலில் கேட்பது, "உடுப்பே இல்லாமலா குளிக்க வேண்டும்?" என்றுதான். ஆமாம், உடுப்பே இல்லாமல்தான். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நீச்சலுடைக்கு அனுமதி கிடையாது. அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை என்பது உள்ளே போன சற்று நேரத்தில் புரிந்துவிடும், கூச்சமும் கழன்றுவிடும். பயணத்தைக் கெடுப்பவை வேறு தவறுகள். அவற்றில் பெரியவை, அறைக்கு முன்பதிவு செய்யும்போதே நடந்துவிடுகின்றன.

ஹ்யோகோ மாகாணத்தின் வடக்கே, ஜப்பான் கடலுக்கு அருகில் உள்ள கினோசாகி ஒன்செனை (ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று) எடுத்துக்கொள்வோம். சுமார் 1,300 ஆண்டுப் பழமை சொல்லும் ஊர். தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் வேண்டியபின் வெந்நீர் பொங்கியது என்பது மண்டாரா-யு குளியலகத்தின் தலவரலாறு. கால் புண்பட்ட நாரை ஒன்று இங்கே வந்து ஆறிப் பறந்தது என்பது கோ-நோ-யுவின் கதை. ஒதானி ஆற்றின் இருகரையிலும் வில்லோ மரங்கள், சிறு கல்பாலங்கள், மர விடுதிகள். முழு ஊரும் ஒரே விடுதி என்பார்கள் ஊர்க்காரர்கள்: ரயில் நிலையம்தான் வாசல், தெருக்கள் நடைகூடம், தங்கும் விடுதிகள் அறைகள், சோட்டோயு எனப்படும் பொதுக் குளியலகங்கள்தான் குளியலறை.

இதை மனத்தில் வாங்காமல் வருவதுதான் முதல் தவறு. கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தானே, காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பகலில் வந்தால் இந்த ஊர் பாதிதான் கிடைக்கும். மண்டாரா-யுவும் யனாகி-யுவும் பிற்பகல் 3 மணிக்குத்தான் திறக்கின்றன. விளக்கேற்றிய பின், யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கி உடுத்திய மக்கள் மரச்செருப்பு ஒலிக்கத் தெருவில் உலவுவதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்? போதாததற்கு, விடுதியில் ஓர் இரவு தங்குபவர்களுக்குப் பொதுக் குளியலகங்களுக்கான அனுமதி தங்கும் கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

ரயிலிலும் ஒரு பொறி உண்டு. 'கினோசாகி' என்று பெயர் சூட்டிய விரைவு ரயில்கள் எல்லாமே கினோசாகி வரை போவதில்லை. சில, ஃபுகுச்சியாமாவிலேயே நின்றுவிடும். பெயரைப் பார்த்து ஏறாமல், கடைசி நிலையத்தைப் பார்த்து ஏறுங்கள்.

இன்னொரு புகாரை அடிக்கடி படிக்கிறேன்: "இவ்வளவு வாடகை வாங்கிவிட்டு விடுதிக்குள் சின்னக் குளியல் தொட்டிதான் வைத்திருக்கிறார்கள்." அது கஞ்சத்தனம் அல்ல. 1925 மே மாதம் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரை அழித்தன. மீண்டும் கட்டியெழுப்பும் காலத்தில், 1927 இல், ஒரு விடுதி தன் கட்டடத்துக்குள்ளேயே ஊற்றுநீர்க் குளியலை அமைத்தது. நீர் ஊர்ச்சொத்து, விடுதிக்குள் அடைக்கக் கூடாது என்று ஊரே எதிர்த்தது. வழக்கு நீதிமன்றம் வரை போய், 1950 இல்தான் சமரசமானது. விடுதிக்குள் குளியல் இருக்கலாம், ஆனால் அளவுக்கு வரம்பு உண்டு என்று முடிவாயிற்று. மக்களைத் தெருவுக்கு வரவைக்கும் ஏற்பாடு இது. அறைக்குள்ளேயே தனித்தொட்டி உள்ள ஆடம்பர அறையைத் தேடிப் பணத்தைக் கொட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கூச்சம் தீரவில்லை என்றால், குடும்பமாகக் குறித்த நேரத்துக்கு எடுத்துக்கொள்ளும் தனிக் குளியலறை பல விடுதிகளில் உண்டு, அது போதும்.

அடுத்து சாப்பாடு. நம் பயணிகள் அதிகமாகச் சங்கடப்படுவது இதில்தான். ரியோகான் என்னும் மரபு விடுதியில் இரவு உணவு குறித்த நேரத்தில், பெரும்பாலும் 6 மணியையொட்டி, வரிசையாகப் பல தட்டுகளில் வரும். பிற்பகல் 3 மணிவாக்கில் அறை தருவார்கள். ஊரைச் சுற்றிவிட்டு இரவு 8 மணிக்கு வந்து நின்றால் சமையல்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். சைவ உணவுக்காரர்களோ, வந்தபின் "மீன், இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் பயனில்லை. மிசோ என்னும் சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும் கூட, உலர்ந்த பொனிட்டோ மீனைக் கொதிக்கவைத்த தாஷி என்ற சாறு கலந்திருக்கும். சமைப்பவருக்கு அது 'மீன்' என்று தோன்றுவதே இல்லை. ஆகவே முன்பதிவின்போதே "மீன் சாறும் கூடாது" என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்று சில விடுதிகள் வெளிப்படையாகச் சொல்லிவிடும். அது நல்லதுதான், வேறு விடுதியைப் பார்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை மட்சுபா நண்டுக் காலம். ஊர் முழுவதும் நண்டு, வாடகையும் உச்சத்தில். நண்டு தொடாதவர் அந்த மாதங்களில் போய் அந்த விலை கொடுப்பது வீண் செலவு.

இனிக் குளியலறைக்குள். முக்கியமான விதி ஒன்றுதான்: தொட்டி உடலைக் கழுவும் இடமல்ல. சுவரோரம் வரிசையாகத் தாழ்ந்த குழாய்கள், சிறு முக்காலிகள் இருக்கும். உட்கார்ந்தபடியே சோப்புப் போட்டு, நுரை முழுவதும் போகக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். நின்றுகொண்டு தண்ணீரை வாரி இறைத்தால் பக்கத்தில் இருப்பவர் நனைவார். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். சிறு துண்டைத் தொட்டி நீரில் நனைக்கக் கூடாது. அதனால்தான் பலர் அதை மடித்துத் தலையில் வைத்திருக்கிறார்கள். வெளியே வரும்போது அதைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போங்கள். கைபேசியை உடைமாற்றும் அறையிலேயே வெளியில் எடுக்கக் கூடாது. எனவே மனைவி, பிள்ளைகளோடு போகிறவர்கள் எத்தனை மணிக்கு வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

நீரின் சூடு பெரும்பாலும் 42 டிகிரியை ஒட்டியிருக்கும். காலிலிருந்து மேலாகத் தண்ணீரை ஊற்றிப் பழக்கிக்கொண்டு இறங்குங்கள். ஐந்து, பத்து நிமிடங்களில் எழுந்துவிடுங்கள். எழும்போது மெதுவாக, தலை சுற்றும். மது அருந்திவிட்டு இறங்கவே வேண்டாம். இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். அனுமதி இருக்கிறதே என்று ஒரே மாலையில் எல்லாக் குளியலகங்களிலும் முங்கி எழுவது இன்னொரு அபத்தம். மறுநாள் உடம்பு துவண்டு கிடக்கும். மாலையில் இரண்டு, காலையில் ஒன்று போதும். எந்தக் குளியலகம் எந்த நாள் மூடியிருக்கும் என்பதை விடுதி வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவலாமா? கினோசாகி நீர் உப்புத்தன்மை கொண்டது, மணமற்றது, தோலை உறுத்தாது. கழுவாமல் துடைத்துக்கொண்டால் சூடு நெடுநேரம் தங்கும். குசாட்சு போன்ற வேறு வெந்நீர் ஊற்று ஊரில் கதையே வேறு. அங்கே நீர் கடுமையான அமிலம். மென்மையான தோல் உள்ளவர்கள் கழுவிவிடுவது நல்லது, வெள்ளி நகையைக் கழற்றாவிட்டால் கறுத்துவிடும்.

பச்சை குத்தியவர்களை ஜப்பானின் பல குளியலகங்கள் உள்ளே விடுவதில்லை. கினோசாகியின் பொதுக் குளியலகங்கள் விடுகின்றன. இதைத் தெரியாமலே ஊரைத் தவிர்ப்பவர்கள் உண்டு. விடுதிக்குள் உள்ள குளியலுக்கு விதி வேறாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

யுகாதா உடுத்தும்போது, ஆணானாலும் பெண்ணானாலும், இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது சவத்துக்கு உடுத்தும் முறை. வழியில் போகும் பாட்டி ஒருவர் பதறி உங்களை நிறுத்தித் திருத்தினால் அதற்குக் காரணம் இதுதான். அறையில் தத்தாமி என்னும் தரைப்பாய்மேல் செருப்பு கூடாது, பெட்டியின் சக்கரமும் உருளக் கூடாது. சுவரில் ஓவியமும் பூவும் வைத்திருக்கும் உள்வாங்கிய மேடையில் பெட்டியை வைக்காதீர்கள், அது பெட்டி வைக்கும் பலகை அல்ல. பணியாளருக்குக் கைக்காசு கொடுக்கவும் தேவையில்லை.

காலை ஏழு மணிக்குத் திறக்கும் குளியலகங்களில் முதலில் நுழையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நினைவாக ஒரு மரச்சீட்டு தருவார்கள். அதற்காகத் திறக்குமுன்பே போய் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. ஆசை இருந்தால் நில்லுங்கள்; ஆனால் காலை உணவை எட்டு மணிக்குப் பிறகு வைக்கும்படி முந்தைய இரவே சொல்லிவிடுங்கள்.