மலைத்தோட்டத்தில் ஓடில்லா நத்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் நின்று பெய்யத் தொடங்கிவிட்டால், புதிதாகத் தோட்டம் போட்டவர்களின் முறையீடும் தொடங்கிவிடும். மாலையில் நட்ட லெட்டூஸ் நாற்றில் காலையில் நடுநரம்பு மட்டும் நிற்கும்; டேலியாவின் தளிர் அரித்துக் கிடக்கும்; வாசற்படியிலிருந்து சமையலறைவரை வெள்ளிக் கோடு ஒன்று காய்ந்திருக்கும். கூடலூர்ப் பக்கத்தில் இதே முறையீடு தென்மேற்கு மழையோடு ஜூன் மாதத்திலேயே எழும். இவை ஓடில்லா நத்தையின் வேலை என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் நெடுநேரம் ஆவதில்லை. கண்டுபிடித்த பிறகு அவர்கள் செய்பவைதான், நாங்கள் பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்து கைவிட்ட அதே காரியங்களாக இருக்கின்றன. வெறுங்கையால் தொடக் கூடாது, குப்பையைச் சேர்க்கக் கூடாது என்பன போன்ற, யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளக்கூடியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரவில் கண்டதை மட்டும் கொல்வது

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்குப் பாத்தியில் இறங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த உயிரினத்தின் உடலில் பெரும்பகுதி நீர். அந்த நீரைக் காக்க ஓடும் கிடையாது. ஆகவே பகல் முழுவதும் வெயிலும் காற்றும் படாத ஈரமான இடத்தில் ஒடுங்கியிருந்தாக வேண்டும். ஊட்டியின் குளிர் அதைத் தடுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது அஞ்சுவது வறட்சிக்கே தவிரக் குளிருக்கு அன்று.

பகலில் அது தங்கும் இடம் பெரும்பாலும் பாத்தியிலிருந்து நான்கைந்து அடிக்குள்ளேயே இருக்கும். பூந்தொட்டியின் அடி, விறகு அடுக்கு, சாய்த்து வைத்த பழைய தகரம், சேறு தெறிக்காமல் இருக்க விரித்த பாலித்தீன் தாள், கற்சுவரின் இடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக முட்டைக்கோசை அறுத்தபின் கழித்து வரப்போரம் குவித்துவிடுகிற வெளியிலைகள். அந்தக் குவியலைப் புரட்டினால், ஊறவைத்த ஜவ்வரிசியைப் போன்ற முட்டைகள் கொத்தாக மண்ணில் ஒட்டியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், முட்டையிடாத நத்தை என்று ஒன்றைத் தனியாகப் பிரிக்க முடியாது. பத்து நத்தைகளைத் தேடிப் பிடிக்கும் நேரத்தில் ஒரு குவியலை அகற்றிவிடலாம். அதில் கிடைக்கும் பயன் அதிகம்.

குவியல்களை அகற்றிய பிறகு, ஈரச் சாக்கு ஒன்றையோ பழைய பலகை ஒன்றையோ பாத்தியின் நடுவில் நாமே போட்டு வைக்க வேண்டும். ஒளிய வேறு இடமில்லாத நத்தைகள் அதன் அடியில் வந்து சேரும். நாள்தோறும் காலையில் அதைத் தூக்கி, அடியில் உள்ளவற்றைக் குச்சியால் தள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். சாக்கைப் போட்டுவிட்டுப் பார்க்க மறந்தால் நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். இதையும் பலர் செய்கிறார்கள்.

குருணை மருந்தைக் கொட்டி வைப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத தவறு இதுதான்.

கடைகளில் நத்தை மருந்து என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மெட்டால்டிஹைடு கலந்த குருணை. நத்தை விரும்பித் தின்ன வேண்டும் என்பதற்காகத் தவிடு போன்ற தீனிப் பொருளில் அந்த நஞ்சைச் சேர்த்திருப்பார்கள். இதைத் தின்ற நத்தையின் கோழை சுரக்கும் செல்கள் சிதைந்து, உடலிலுள்ள நீரையெல்லாம் அது கோழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு நகர முடியாமல் கிடக்கும். பிறகு வெயில் ஏறும்போது காய்ந்து சாகும். அந்த வெயில் வேண்டும் என்பதைத்தான் இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, காலை எட்டு மணிக்கே சுடுகிற மண்ணில் அது சரியாக வேலை செய்யக்கூடும். நவம்பர் மாதத்துக் கோத்தகிரியில், பகல் முழுவதும் மூடுபனி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, செயலற்றுக் கிடந்த நத்தை பனியிலிருந்தே இழந்த நீரை மீண்டும் ஏற்றிக்கொண்டு, அடுத்த இரவு எழுந்து போய்விடுகிறது. நத்தை பெருகும் பருவமும் இந்த மருந்து வலுவிழக்கும் பருவமும் நம் மலையில் ஒன்றே.

மருந்து பலிக்கவில்லை என்று கண்டதும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? அளவைக் கூட்டுகிறார்கள். பாத்தி முழுவதும் இடைவெளி விட்டு மெல்லத் தூவ வேண்டியதை, செடிக்குச் செடி கைப்பிடியாக வைக்கிறார்கள். மழையில் கரைந்து பூசணம் பிடித்துவிட்டதென்று மறுபடியும் வைக்கிறார்கள். கடைசியாக, மழைபடாமல் காக்க வேண்டும் என்ற அறிவோடு, கொட்டாங்குச்சியில் நிரப்பி ஓட்டுத் துண்டால் பாதி மூடிச் செடியடியில் வைக்கிறார்கள். ஒரு நாய் நக்கித் தின்பதற்கு அதைவிட வசதியான பாத்திரம் கிடையாது. நத்தைக்குப் பிடிக்கும் தவிடு நாய்க்கும் பிடிக்கும்.

கோத்தகிரிக்குக் கீழே, கோயம்புத்தூரிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் ஸ்ட்ராபெரியும் லெட்டூசும் போட்டிருந்தார். தோட்டத்தில் கொட்டாங்குச்சிகளை வரிசையாகப் பார்த்ததும், இவை வேண்டாம் என்றேன். “எங்கள் வீட்டில் நாய் இல்லையே, ஐயா” என்றார். வேலி இருந்தது, ஆனால் வேலிக்கு அடியில் மழைநீர் ஓட விட்ட ஒரு சாண் சந்தும் இருந்தது. அடுத்த ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வழக்கமாக வந்து போகும் நாய் ஒன்று அந்த வழியாக நுழைந்து, மூன்று கொட்டாங்குச்சிகளைத் துடைத்து வைத்ததுபோல் காலி செய்திருந்தது. அதற்கு முதலில் கால்கள் நடுங்கின. பிறகு உடல் முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. தொட்டபோது தோல் அனலாய்ச் சுட்டது. வலிப்பு நிற்காததால் உடற்சூடு ஏறிக்கொண்டே போவதுதான் இந்த நஞ்சின் இயல்பு. வீட்டிலிருந்தவர்கள் உப்புக் கரைசலையும் பாலையும் வாயில் ஊற்ற முயன்றதில் நேரம் போயிற்று. குன்னூர் போகும் வழியிலேயே நாய் இறந்துவிட்டது. அன்றிரவும் லெட்டூஸ் தின்னப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த நஞ்சுக்கென்று தனி முறிமருந்து கிடையாது. கால்நடை மருத்துவர் செய்யக்கூடியது, வலிப்பை மருந்தால் அடக்கி, உடற்சூட்டைத் தணித்து, நஞ்சு வெளியேறும்வரை உயிரைப் பிடித்து வைப்பதே. அறிகுறிகள் தின்ற சில மணி நேரத்துக்குள், சில வேளைகளில் அரை மணி நேரத்திலேயே தோன்றிவிடும். வலிப்பில் இருக்கும் விலங்கின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகும். ஆகவே எதையும் ஊற்றாமல், மருந்துப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே புறப்பட வேண்டும். இங்கேதான் இன்னொரு தொல்லை: சில இடங்களில் இதைப் பெரிய பையிலிருந்து அள்ளிச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கிறார்கள். பெயரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மருத்துவர் என்ன தின்றது என்று கேட்டால் நீல நிறக் குருணை என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. லேபிள் இல்லாத மருந்தை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

மழையும் குளிரும் நம்மைப் போலவே நிறைந்த பிரிட்டனில், 2022 மார்ச் மாத இறுதியோடு இந்த மருந்தைத் தோட்டங்களில் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் நேரும் கேடுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மருந்து வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அதைத் தேடலாம். தீங்கு மிகவும் குறைவு. ஆனால் அதைத் தின்ற நத்தை தீனியை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்ச் சாவதால் பாத்தியில் பிணம் ஒன்றும் தெரியாது. பிணம் தெரியாததால் பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, மறுபடியும் மெட்டால்டிஹைடுக்குத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். இலையைப் பார்க்க வேண்டும்; பிணத்தை எண்ணக் கூடாது.

உப்பு

பாத்தியில் வேண்டாம். நத்தையோடு நாற்றும் போகும்.

சுண்ணாம்பு, சாம்பல், முட்டை ஓடு

செடியைச் சுற்றி வட்டம் போடும் இவ்வகை அரண்கள் எல்லாம் காய்ந்திருக்கும்வரை ஓரளவு பயன்படலாம். நம் ஊரில் எது எத்தனை மணி நேரம் காய்ந்திருக்கிறது? பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகியவற்றை லெட்டூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்து, எதுவும் போடாத செடிகளுக்கு நேர்ந்த அதே சேதம்தான் இவற்றுக்கும் நேர்ந்தது என்று 2018-இல் அறிவித்தது.

சுண்ணாம்பில் வேறொரு கேடும் உண்டு. நம் மலைமண் புளிப்பு மண். ஹைட்ரேஞ்சியா இங்கே நீலமாகப் பூப்பது அதனால்தான். மழைக்கு மழை சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே இருந்த வீடுகளில் அது வெளிறி இளஞ்சிவப்பாக மாறுவதைக் காணலாம். பூ எந்த நிறத்திலும் அழகுதான். ஆனால் அதே மாற்றம் உருளைக்கிழங்குப் பாத்தியில் நேர்ந்தால் கிழங்கின் தோலில் சொறி நோய் வரும். முட்டைக்கோசின் வேர் தடித்துப்போகும் நோய்க்காக நடவுக்கு முன் அளவோடு சுண்ணாம்பு இடுவது வேறு காரியம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாலையில் நீர் பாய்ச்சுவது

காலையில் பாய்ச்சுங்கள்.

கண்ணில் பட்ட நத்தையெல்லாம் பகை என்பது

சோலைக்காட்டை ஒட்டி வீடு உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காட்டுக்குள் வாழும் நத்தைகளில் பல, அழுகிய இலையையும் காளானையும் தின்று வாழ்பவை. உங்கள் கேரட்டை அவை நாடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கே உரிய இண்ட்ரெல்லா ஆம்புல்லா என்ற பெரிய நத்தை, சிவந்த உடலோடு சுவரில் ஏறுவதைக் கண்டு மிரண்டு உப்பைக் கொட்டியவர்கள் உண்டு. அதை ஒரு இலையில் ஏற்றிக் காட்டோரம் விட்டுவிட்டால் போதும். அதேபோல் பாத்தியின் ஈரத்தில் மெல்ல ஊரும், கறுப்புக் கண்ணிகள் கோத்தாற்போன்ற மின்மினிப் புழுவைப் பூச்சி என்று நசுக்குகிறார்கள். அது நத்தையைத் தின்று வளர்வது. தவளையும் அப்படியே. கொட்டாங்குச்சி மருந்தை விட இவை நன்றாக வேலை செய்கின்றன, நாயையும் கொல்வதில்லை.

கள்ளும் பீரும் வைத்துப் பொறி அமைப்பது

புளித்த வாசனைக்கு நத்தை வரும் என்பது உண்மை. அதற்காக டாஸ்மாக் போக வேண்டியதில்லை. புளித்துப் பொங்கிய தோசை மாவைத் தண்ணீராகக் கரைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாலும் வரும். தவறு கிண்ணத்தைப் புதைக்கும் விதத்தில் இருக்கிறது. விளிம்பு மண்மட்டத்தில் இருந்தால் நத்தையைத் தின்னும் தரைவண்டுகளும் விழுந்து சாகும். விளிம்பை ஒரு விரற்கடை உயர்த்தி, மழை கலக்காமல் மேலே ஒரு கூரை வைக்க வேண்டும். இது நாற்றுப் பாத்திக்கு மட்டும் பயன்படும். முழுத் தோட்டத்துக்கும் கிண்ணம் வைத்துக்கொண்டிருப்பவருக்கு வேறு வேலை நடக்காது.

வீட்டுக்குள் வந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது

கோழைத் தடத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது நீரை உறிஞ்சி இன்னும் பெருகி, தரை முழுவதும் வழுக்கும். உப்புப் போட்டாலும் சாகும் நத்தை கோழையைக் கொட்டித் தீர்க்கும். முதலில் பழைய செய்தித்தாளால் உலர்வாகத் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு வினிகர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

அது வந்த வழியையும் அதே தடம் காட்டும். பழைய பங்களாக்களில் பலகைத் தரைக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகள், மற்ற வீடுகளில் குளியலறைக் கழிவுநீர்க் குழாயின் மூடி, எல்லா வீட்டிலும் கதவுக்கும் வாசற்படிக்கும் இடையிலுள்ள சந்து. நுண்ணிய கம்பிவலையும் கதவடியில் ஒரு ரப்பர்ப் பட்டையும் பெரும்பாலும் போதும். இரவில் பூனைக்கு வைத்த சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு இவற்றையெல்லாம் செய்வதில் பயனில்லை.

பச்சையாகத் தின்னும் இலையைத் தூசி போகும் அளவுக்கு மட்டும் அலசுவது

எலிகளின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் இளநிலைகள் நத்தைகளின் உடலிலும் வளர்கின்றன. அவை மனிதனின் வயிற்றுக்குள் போனால் மூளையுறையில் அழற்சி உண்டாக்க வல்லவை. லெட்டூசின் மடிப்புக்குள் விரல் நுனி அளவுக் குட்டி நத்தை ஒட்டியிருப்பது நாம் எளிதில் காணக்கூடியதே. ஆகவே இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரு பக்கமும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். நத்தையைத் தொட்ட குழந்தைகளின் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

நாற்றுத் தொட்டியை அப்படியே இறக்குவது

வாங்கி வந்த அன்றே செடியைத் தொட்டியிலிருந்து உருவி, வேர்க்கட்டியின் அடியையும் பக்கங்களையும் பார்த்துவிட வேண்டும். முட்டைகள் இருந்தால் அந்த மண்ணை உதறி வெந்நீரில் போட்டுவிட்டு, புது மண்ணில் நட வேண்டும். பெரும்பாலான தோட்டங்களுக்கு இந்தத் தொல்லை வந்து சேரும் வழி இதுவே.

கிழங்கை மண்ணிலேயே விட்டுவைப்பது

செடி காய்ந்த பிறகும் விலை ஏறட்டும் என்று உருளைக்கிழங்கைத் தோண்டாமல் வைத்திருப்பவர்கள், மழை பெய்யும் ஒவ்வொரு வாரத்திலும் இன்னும் கொஞ்சம் கிழங்கை நத்தைக்குக் கொடுக்கிறார்கள். வெளியே சிறு துளைதான் தெரியும். வெட்டிப் பார்த்தால் உள்ளே குடைந்து வெற்றிடமாக இருக்கும். மண்டிக்குப் போனால் மூட்டை முழுவதற்கும் விலை குறையும். தோல் முற்றியதும் மழையற்ற ஒரு நாள் பார்த்துத் தோண்டிவிட வேண்டும்.